பரவைக்கடலில் கயாக்: பெட்டிக்குள் எந்த லூர்?

10 மார்ச் 2024, கேள்வி

யூலையில் மூன்று கிழமை ஊருக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பரவைக்கடல் என்ற கடல்நீரேரி ஓரத்து அரியாலையில், சித்தப்பா வீட்டில் ஒரு கயாக் சும்மா கிடக்கிறதாம். நான் இங்கே ஸ்காபரோவில் இருந்து ஒன்ராறியோ ஏரிப் பக்கம் பாஸ் மீனுக்கு எறிகிறவன். பெட்டியில் எழுபது எண்பது லூர், அதாவது மீனை ஏமாற்றுகிற செயற்கை இரை, இருக்கும். எல்லாவற்றையும் காவிக்கொண்டு வர முடியாது. மூன்றோ நாலோதான் என்றால் எவை? முதலில், அங்கே லூருக்கு மீன் கடிக்குமா, இல்லை றால் குத்தித்தான் போட வேண்டுமா?

10 மார்ச், இரவு, பதில்

கடிக்கும். ஆறு வருடமாகக் கயாக்கில் போகிறேன், றால் குத்திப் போட்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

மூன்று போதும். தட்டை வால் ரப்பர் மீன், மூன்றரை அங்குலம், 7 கிராம் ஈயத் தலையில். தண்ணீருக்கு மேலே சத்தம் போடுகிற பொப்பர் ஒன்று. நாக்கு வைத்த மினோ, அதாவது சின்ன மீன் வடிவ லூர், ஒன்று. விடிய வேலைக்குப் போக வேண்டும், மிச்சம் பிறகு.

12 மார்ச்

முந்தாநாள் எழுதியதை இன்று திரும்ப வாசித்தேன். நாக்கு வைத்த மினோ என்று ஏன் எழுதினேன் என்று எனக்கே விளங்கவில்லை. அதை எடு.

உங்கள் ஏரி மாதிரி நினைத்து வராதே தம்பி. பரவைக்கடல் பெயருக்கேற்றபடி பரந்து கிடக்கிறதே தவிர ஆழம் கிடையாது. அரியாலையில் வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் சவள் (துடுப்பு) வலித்த பிறகும் இறங்கி நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். சில இடத்தில் முழங்கால். அடியில் சேறு, சேற்றுக்கு மேலே சாதாளை என்கிற கடற்புல். மினோவின் முகத்தில் இருக்கும் அந்தப் பிளாஸ்ரிக் நாக்கு அதைக் கீழே இழுத்துக்கொண்டு போவதற்கென்றே வைத்தது. ஒன்றரை மீற்றர் இறங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பான். இங்கே ஒன்றரை மீற்றரில் இருப்பது நிலம். எறிகிற ஒவ்வொரு முறையும் ஒரு பிடி சாதாளை வரும். முதல் வருடம் நான் பிடித்த சாதாளையைக் காயவைத்திருந்தால் ஒரு தோட்டத்துக்குப் பசளை போட்டிருக்கலாம்.

மினோ கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. பாலத்தடியில், வள்ளம் போகத் தோண்டிய வாய்க்காலில் நல்லாக வேலை செய்யும். ஆனால் நீ கேட்டது மூன்று.

13 மார்ச்

"அப்ப மூன்றாவது என்ன அண்ணை?"

யோசிக்கிறேன்.

17 மார்ச்

யோசிக்காமல் போய்ப் பார்த்தேன். யாழ் நகரத்துப் பண்ணைப் பாலத்தடியில் விடிய ஐந்தரைக்குக் கயாக்கை இறக்கினேன். கோட்டைப் பக்கத்து விளக்குகள் இன்னும் அணையவில்லை. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. தாம்போதி, அதாவது கடலுக்குக் குறுக்கே போட்ட தெரு, முழுக்கக் கல்லும் மண்ணும் என்பதால் இந்தப் பக்கத்தால் போகிற தண்ணீர் பாலத்தின் கண்ணுக்குள்ளால்தான் அதைக் கடக்க வேண்டும். திரளிக் குஞ்சுகள் அந்த ஓட்டத்தோடு கூட்டமாக அள்ளுப்பட்டு வரும். ஓட்டம் படாத பக்கத்தில், தூணின் நிழலில், பெரியவர் நிற்பார். அவருக்கு நீந்தத் தேவையில்லை, வாயைத் திறந்தால் போதும்.

ரப்பர் மீனை ஓட்டத்துக்கு மேலே எறிந்து, சுற்றாமல், தண்ணீரோடு வரவிட்டேன். இதுதான் கைப்பழக்கம் வேண்டிய இடம். நூலைத் தொய்யவும் விடக்கூடாது, இழுக்கவும் கூடாது. நாலாவது எறியில் நூல் ஒருக்கால் தட்டியது. அவ்வளவுதான், பெரிய இழுவை ஒன்றும் இல்லை. கம்பைத் தூக்கினேன், கயாக்கின் மூக்கு அப்படியே பாலத்துக்குத் திரும்பியது.

கொடுவா. மூன்று முறை மேலே வந்து செவுளை விரித்துத் தலையை உதறியது. ஓலைப்பாயை உதறுகிற சத்தம். கிட்ட வந்ததும் ரோச் வெளிச்சம் அடித்தேன், கண் கங்கு மாதிரிச் சிவந்து மின்னியது. இரண்டரைக் கிலோ இருக்கும். செவுள் மூடியில் கையை வைக்காதே, அந்த விளிம்பு சவர அலகு. வாயைப் பிடி.

அடுத்த எறியிலேயே ரப்பர் மீனின் வால் போய்விட்டது. பேத்தை மீன். இன்னொன்று மாட்டினேன், அதன் வாலும் போனது. பேத்தை வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பருக்கு அன்றைக்கு விடுமுறை. அப்போது கடித்துத் துண்டாக்க முடியாத ஒன்று வேண்டும்.

ஆகவே மூன்றாவது: கரண்டி. தகரக் கரண்டி, 14 கிராமிலிருந்து 20 கிராம்.

18 மார்ச்

கரண்டி என்றால் உண்மையிலேயே கரண்டிதான். 1852இல் ஜூலியோ பியூல் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை எடுத்தார். படகில் இருந்து சாப்பிடும்போது கை தவறி விழுந்த கரண்டியை மீன் வந்து கவ்வியதைக் கண்டு செய்தார் என்று ஒரு கதையும் இருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்குவதில்லை. எவர்சில்வர் தேக்கரண்டியின் பிடியை வெட்டி, இரண்டு பக்கமும் துளை போட்டு, ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் கொளுக்கி. மாமியின் குசினியில் இரண்டு தேக்கரண்டி குறைகிறது. பூனையைச் சொல்ல முடியாதே, அதனால் இதுவரை வாய் திறக்கவில்லை.

24 மார்ச்

நிறம் கேட்டிருக்கிறாய். வெள்ளை. சிவப்பு வேண்டாம், தண்ணீருக்குள் முதலில் மறைகிற நிறம் சிவப்புத்தான்.

2 ஏப்ரல்

சிவப்பைப் பற்றிச் சொன்னது அரைகுறை. சிவப்பு மறைவது உண்மை, ஆனால் அது ஆழத்தில், மீற்றர் கணக்காக இறங்கிய பிறகு. இடுப்பளவு தண்ணீரில் சிவப்பு சிவப்பாகவே தெரியும். ஆழ்கடல்காரர் எழுதியதை வாசித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று ஒப்பித்திருக்கிறேன்.

இங்கே நிறத்தைத் தீர்மானிப்பது கலங்கல். காற்று இல்லாத மார்ச், ஏப்ரலில் தண்ணீர் கண்ணாடி, சாதாளையின் ஒவ்வொரு இலையும் தெரியும். அப்போது வெள்ளை வயிறு, பச்சை முதுகு. காற்று எழும்பிச் சேறு கிளம்பினால் கீழே நிற்கிற மீனுக்குத் தெரிவது ஒரு நிழல்தான். அந்த நிழலைக் கறுப்பு நல்லாகக் காட்டும். வெள்ளையும் கறுப்பும் கொண்டுவா, வானவில்லை விட்டுவிட்டு வா.

7 ஏப்ரல்

சொல்ல வெட்கமான கதை.

சிறகுவலை தெரியுமல்லவா? தடிகளை வரிசையாக ஊன்றி வலையை மறித்துக் கட்டியிருப்பார்கள். மீன் அதில் முட்டி, சிறகு போகிற திசையிலேயே போய்க் கூட்டுக்குள் விழும். அந்தச் சிறகின் ஓரத்தில் எப்போதும் ஏதாவது துள்ளும். இன்றைக்கு ஆசையை அடக்க முடியாமல் கிட்டப்போய் எறிந்தேன். கரண்டி ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. மும்முனைக் கொளுக்கி வலையில்.

இழுக்க இழுக்க இறுகியது. கத்தியை எடுத்துவிட்டு வைத்தேன். வலையை வெட்டினால் அது அந்த மனிதரின் ஒரு நாள் சாப்பாடு. நூலை வெட்டினால் கொளுக்கி வலையில் நின்று நாளைக்கு யாருடைய கையிலாவது ஏறும். அப்படியே முழித்துக்கொண்டு இருந்தபோது வலைக்காரர் வத்தையில் வந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. மரக்கோலைச் சேற்றில் குத்தி வத்தையை நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் வலையைக் கையில் வாங்கி, கண்ணை விரலால் விரித்து, கொளுக்கியை ஒவ்வொரு முனையாகப் பின்னுக்குத் தள்ளிக் கழற்றினார். ஒரு கண்கூட அறவில்லை. கரண்டியைத் திருப்பித் தரும்போதுதான் வாய் திறந்தார்.

"தம்பி, மீன் நிக்கிற இடம் எனக்கும் தெரியும். அதுதானே வலை போட்டனான்."

கடலட்டைப் பண்ணைக்கும் இதுவே. தடியும் வலையும் கண்டால் நூறு மீற்றர் தள்ளியே போ. அது ஒருவருடைய வளவு.

8 ஏப்ரல்

நேற்றைய கதைக்குப் பிறகு மும்முனைக் கொளுக்கிகளைக் கழற்றுவோம் என்று நினைத்தேன். நேரம் கிடைக்கவில்லை.

21 ஏப்ரல்

நேரம் கிடைத்திருக்க வேண்டும்.

இடது முழங்காலுக்கு மேலே ஒரு தையலோடு எழுதுகிறேன். சீலா ஒன்று, முழங்கை நீளம், கரண்டியோடு வந்தது. வள்ளத்தில் என்றால் மீன் காலடியில் விழும், கயாக்கில் மடியில் விழும். காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறோம், ஒதுங்க இடமில்லை. சீலா வாயில் ஒரு முனை, என் காலில் இரண்டாவது முனை. அது துள்ளத் துள்ள எனக்குள் இறங்கியது. குறடு எங்கே? பெட்டிக்குள். பெட்டி எங்கே? முதுகுக்குப் பின்னால், கயிறு போட்டுக் கட்டியபடி.

கடைசியில் சீலாவின் தாடையை வெட்டித்தான் அதை விடுவித்தேன். கரண்டி தொங்கத் தொங்கக் கரைக்கு வலித்து, அப்படியே ஓட்டோவில் ஆஸ்பத்திரி. தாதி பார்த்துவிட்டு, "இதென்ன அண்ணை, திறப்புக் கோர்வையோ?" என்று கேட்டார். விறைப்பூசி போட்டு, கொளுக்கியைப் பின்னுக்கு இழுக்காமல் முன்னுக்குத் தள்ளி, நுனி தோலுக்கு வெளியே வந்ததும், கழராமல் பிடிக்கிற பின்முள்ளை வெட்டிவிட்டு, வந்த வழியே எடுத்தார்கள். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி ஒன்றும் கிடைத்தது.

இன்றிரவே எல்லா லூரிலும் மும்முனையைக் கழற்றி ஒற்றைக் கொளுக்கி போட்டுவிட்டேன், பின்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிட்டேன். குறடு இப்போது உயிர்காப்பு அங்கியில் கயிறு போட்டுத் தொங்குகிறது. நீ கொண்டுவரும் லூர்களுக்கும் விமானம் ஏற முதல் இதைச் செய். மீன் தப்பும் என்று பயப்படாதே. நூலைத் தொய்ய விடாமல் வைத்திருந்தால் ஒற்றைக் கொளுக்கி மும்முனையைவிட ஆழமாகப் பிடிக்கும்.

23 ஏப்ரல்

சீலாவை என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: பொரித்தோம். புட்டுக்கு நல்லது. கோபத்தோடு சாப்பிட்டேன், ருசி கூடத்தான்.

9 மே

மாமாவைப் பற்றி இதுவரை எழுதவில்லை. மனைவியின் தகப்பன், பாசையூர்க்காரர், நாற்பது வருடம் கடலில் நின்றவர். இப்போது முழங்கால் விடாததால் முற்றத்தில் கதிரை போட்டு வலை பொத்துகிறார். என்னுடைய பெட்டியைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வி: "உது என்ன பிளாஸ்ரிக் பொம்மை? மீன் என்ன சின்னப்பிள்ளையே?"

நேற்று அவருக்கு லௌரி ரப்பாலாவின் கதையைச் சொன்னேன். பின்லாந்து மீனவர். ஏரியில் பெரிய மீன் ஒரு கூட்டத்துக்குள் பாயும்போது எல்லாவற்றையும் துரத்தாமல், தள்ளாடி நீந்துகிற ஒன்றைத்தான் குறிவைத்து எடுக்கிறது என்று கவனித்தார். 1936இல் தக்கையைச் சப்பாத்துத் தைப்பவரின் கத்தியால் சீவி, சொக்லேற் சுற்றிவரும் வெள்ளித்தாளை மேலே ஒட்டி, படச்சுருளை உருக்கிப் பூசி, அந்தத் தள்ளாட்டம் வருகிற மாதிரி ஒன்றைச் செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிற லூர் அதன் வழிதான்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பி உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு நீளக் காம்புக் கொளுக்கி. ஒவ்வொன்றிலும் காம்பில் ஈயத்தகடு சுற்றி, அதற்கு மேலே சிகரட் பெட்டி வெள்ளித்தாள், அதற்கு மேலே வெள்ளைச் சேவல் இறகு நாலைந்து, கழுத்தில் சிவப்பு நூல் இறுக்கிக் கட்டு. தங்கூசியில் (நைலோன் நூலில்) கட்டி வள்ளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ப் பாரையும் அறக்குளாவும் பிடித்தவையாம். ஆறு வருடமாக என் பொம்மையைப் பழித்த மனிதரின் பெட்டிக்குள் பொம்மை!

"அது வேற, உது வேற" என்றார்.

12 மே

இறகு இரண்டை இரவல் வாங்கிப் போனேன். ஒரே இடம், சங்குப்பிட்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு கம்பு. ஒன்றில் ரப்பர் மீன், மற்றதில் மாமாவின் இறகு. முப்பது மீற்றர் பின்னால் விட்டுச் சவள் வலித்தேன். கயாக்கின் வேகம் இதற்கென்றே அளந்தது மாதிரி. எஞ்சின் வள்ளம் ஆறுதலாகப் போகும்போது போகிற வேகம், அதுவும் சத்தம் இல்லாமல்.

இறகுக்கு நாலு பாரை, உள்ளங்கை அகலம். ரப்பருக்கு இரண்டு. ஒரு நாள் கணக்கு, இதை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. ஆனாலும் மாமாவிடம் மூன்றுக்கு மூன்று என்று சொன்னேன்.

2 யூன்

"அம்மா ஓரா மீன் கேட்கிறா. ஓராவுக்கு எந்த லூர்?"

சின்னக்கடை மீன் சந்தை. நூறு ரூபாய்த் தாள்களை நிறையக் கொண்டுபோ. ஓரா பாசி தின்னி தம்பி, அது உன் ரப்பர் மீனைத் திரும்பியும் பார்க்காது. தவறி வலையில் பட்டதைக் கையால் பிடிக்கவும் போகாதே, முள்ளில் நஞ்சு, ஒரு இரவு நித்திரை போகும்.

16 யூன்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. நீ வருவது யூலை என்பதை மறந்து, மார்ச் மாதக் கடலை வைத்து இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.

யூலையில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு காற்று சவளைக் கையிலிருந்து பறிக்கும். ஐந்தரைக்கு இறங்கி எட்டரைக்கு ஏறவேண்டும். அரியாலைக்கு ஒரு நல்லது, கடல் உங்களுக்குத் தெற்கே. சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் களைத்துப்போனாலும் உன்னைக் கரைப் பக்கம்தான் தள்ளும். மார்கழியில் வந்தால் கதை மாறும், வடக்கிலிருந்து வீசும் வாடைக் காற்று உன்னை எதிர்க்கரைப் பூநகரிக்குக் கொண்டுபோகும். இரண்டிலும் அங்கியைக் கழற்றாதே. இடுப்பளவு தண்ணீர் என்று சொன்னேன், இடுப்பளவு சேறும் இருக்கிறது.

அதனால் பொப்பரையும் வெட்டுகிறேன். பொப்பர் என்பது அமைதியான தண்ணீரில் "பொளக்" என்று ஒரு சத்தம் போட்டு மீனைக் கூப்பிடுகிற சாமான். சோளகத்தில் கடல் முழுக்கப் பொளக் பொளக்தான், அதற்குள் உன் பொளக்கை யார் கேட்பது? இன்னொரு பிரச்சினை, தாழ உட்கார்ந்திருப்பதால் கம்பைக் கீழ்நோக்கி வெட்டி அடிக்க முடியாது, முழங்காலில் அடிக்கும். நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஒன்று என்னிடம் இருக்கிறது. வடிவான சாமான். அலுமாரியில் இருக்கிறது.

யூலைக்கு: சாதாளை பிடிக்காதபடி கொளுக்கி நுனியை முதுகுக்குள் மறைத்த ரப்பர் மீன், கறுப்பு. கரண்டி, காற்றைக் கிழித்துக்கொண்டு போவது அது ஒன்றுதான். மாமாவின் இறகு. கம்பு ஏழடிக்கு மேல் வேண்டாம், 20 இறாத்தல் தாங்கும் பிரெய்ட் (பின்னல் நூல்), முன்னால் ஒரு பாகம் (ஆறடி) 40 இறாத்தல் தங்கூசி.

17 யூன்

"தவளை கொண்டுவரட்டா?" என்று கேட்கிறாய். பாஸுக்குப் போடுகிற ரப்பர்த் தவளையா? வேண்டாம். மாமாவிடம் சொன்னேன். "கடலில ஏதடா தவளை?" என்று சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

30 யூன்

இன்றைக்கு மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இரண்டு நாள் வெயிலில் கிடந்த லூர்ப் பெட்டியைத் திறந்தேன். திறக்க வரவில்லை. கத்தியால் நெம்பினால், பத்து ரப்பர் மீனும் ஒன்றோடொன்று உருகி, மூடியின் பிளாஸ்ரிக்கையும் கரைத்து, ஒரே களி. கறுப்பின் சாயம் வெள்ளைக்கு ஏறி எல்லாம் சாம்பல். அந்தச் சாம்பல் நிறம் கலங்கல் தண்ணீருக்கு நல்லாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன், அவ்வளவுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. ரப்பரை வாங்கிவந்த பைக்குள்ளேயே வை, வேறு வேறு வகையைக் கலக்காதே, வெயிலில் விடாதே.

28 யூலை

தம்பி வந்துவிட்டான். இன்று விடியப் போனோம், அவன் சித்தப்பாவின் கயாக்கில், நான் என்னுடையதில். சொன்னால் கேட்கிற பிள்ளை, எல்லாம் ஒற்றைக் கொளுக்கி மாற்றி, பின்முள் நசுக்கி, குறடு அங்கியில் தொங்க வந்தான். ஒன்றைத் தவிர. தவளை.

முதல் ஒரு மணித்தியாலம் என்னுடைய மூன்றும்தான். கரண்டிக்கு ஒரு சின்னச் சீலா, ரப்பருக்கு ஒன்றும் இல்லை, இறகை இழுத்துக்கொண்டு போக இடமில்லை. வற்றில் சாதாளை மேலே வந்து, பாய் விரித்த மாதிரி முழுக்கப் பரந்து கிடந்தது. கரண்டி விழுந்த உடனேயே பச்சைத் தாடியோடு வந்தது. நான் வாயில் வந்ததைச் சொல்லிச் சொல்லித் தாடி மழித்துக்கொண்டிருந்தேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் தவளையைக் கட்டினான். அந்தத் தவளைக்கு வயிறு வெறும் காற்று. இரண்டு கொளுக்கியும் முதுகோடு ஒட்டி மேலே பார்க்கும், மீன் கடித்து நசுக்கினால்தான் நுனி வெளியே வரும். சாதாளைக்கு மேலே போட்டு, தட்டித் தட்டி இழுத்தான். ஒரு இலையும் பிடிக்கவில்லை. இரண்டு பாய்க்கு இடையில் ஒரு சுளகு அகலத்துக்கு வெளியான இடம் இருந்தது. தவளை அதற்குள் விழுந்து ஒரு நொடி நின்றது. தண்ணீர் உள்ளே உறிஞ்சுப்பட்டது. சத்தம் பிறகுதான் வந்தது, பெரிய குடத்தைக் கிணற்றில் கவிழ்த்த சத்தம்.

கொடுவா என்று நான் கத்த, அவன் வேறேதோ கத்தினான். கயாக் அரை வட்டம் போட்டது. மீன் சாதாளைக்குள் தலையை விட்டு நின்றுவிட்டது, இழுத்தால் நூல் போகும். நான் இறங்கினேன், இடுப்பளவு தண்ணீர், முழங்காலளவு சேறு, ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாதாளையைக் கையால் விலக்கி வாயில் பிடித்தேன். நாலு கிலோவுக்கு ஒரு சொட்டுக் கூட.

28 யூலை, இரவு

17 யூனில் தவளை வேண்டாம் என்று எழுதியவர் யார் என்று கேட்டு எனக்கே பேசவேண்டும் போல் இருக்கிறது. கடலில் தவளை இல்லைத்தான். மீன் அதைத் தவளை என்று நினைத்துக் கடிப்பதில்லையே. மேலே ஏதோ தத்துகிறது, றாலோ திரளியோ. நான் லூரின் பெயரைப் பார்த்தேன், அது எங்கே மாட்டுப்படாமல் போகும் என்று பார்க்கவில்லை. பொப்பரை வெட்டிய இடத்தில் வைக்கவேண்டியது இதைத்தான்.

29 யூலை

கொடுவாவின் தலை ஒடியல் கூழுக்குப் போனது. நடுத்துண்டு தம்பியின் அம்மாவுக்கு. அவ, "ஓரா கிடைக்கேல்லையோ?" என்று கேட்டாவாம்.

14 ஓகஸ்ட்

நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது, 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. தம்பியும் போய்விட்டான். அதற்காகக் கடலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? பிடித்துப் பிடித்து விடுகிறேன். பின்முள் நசுக்கியதன் அருமை இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது. மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமலே குறட்டால் ஒரு திருப்பு, போய்விடும்.

மனைவி கேட்டாள், "தின்னாத மீனை ஏன் குத்துறியள்?" பதில் இல்லை. கொடுவா ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும், முட்டை இடுகிறவை எல்லாம் அந்தப் பெரியவைதான், ஆகவே பெரியதை விடுவது நல்லது என்று விளக்கம் சொன்னேன். "அப்ப போன மாதம் கூழுக்குப் போனது?" என்றாள். அதற்கும் பதில் இல்லை. நாலு கிலோ எந்தப் பக்கம் நின்றதோ.

6 ஒக்ரோபர்

சோளகம் அடங்கிவிட்டது, வாடை இன்னும் வரவில்லை, தண்ணீர் கண்ணாடி. புதிதாக ஒருவர் மேலே எழுதியதெல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "கடைசியில் எந்த மூன்று?" என்று கேட்டிருக்கிறார். இன்றைக்குப் பெட்டியில் இருப்பவை: கொளுக்கி மறைத்த ரப்பர் மீன், வெள்ளை மூன்று கறுப்பு மூன்று. கரண்டி. தம்பி விட்டுப்போன தவளை, ஒரு கால் இல்லை, பேத்தை. இறகு இரண்டு. நாலாகிவிட்டதே என்று கேட்காதீர்கள், இறகு வீட்டுச் சாமான், கணக்கில் வராது.

தம்பி, இதை வாசித்தால்: நீ தேடின அந்த வெள்ளிக் கரண்டி, கனடாவில் வாங்கியது, சித்தப்பா வீட்டில் இல்லை. மாமாவின் பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கிறது. உன் கொளுக்கியைக் கழற்றிவிட்டு, நீளக் காம்பு ஒன்று போட்டு, வெள்ளை இறகும் சிவப்பு நூலும் கட்டியிருக்கிறார். கேட்டுப் பார்த்தேன். "உது என்ர" என்கிறார்.